குளிர்விப்புச் செதில்

குளிர்விப்புச் செதில் என்பது ஒரு சூடான பொருளின் மேற்பரப்பிலிருந்து வெளிநோக்கி நீண்டிருக்கும் மெல்லிய உலோகத் தகடு அல்லது முனைப்பு ஆகும். சூழ்ந்துள்ள காற்றுக்கோ நீர்மத்துக்கோ வெப்பம் வெளியேறும் பரப்பளவைக் கூட்டுவதே இதன் பணி. மின்னோடிகளின் உடற்கூடு, காற்றால் குளிரும் இருசக்கர வண்டிப் பொறிகள், மின்மாற்றிகள், கணினிச் செயலிகள், எல்.ஈ.டி. தெருவிளக்குகள் ஆகியவற்றில் இவை காணப்படுகின்றன. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இது ஃபின் என்றே வழங்கப்படுகின்றது.

செதிலின் உயரம், தடிப்பு, குறுக்குவெட்டு வடிவம், இரு செதில்களுக்கு இடையிலான வெளி ஆகியவற்றைப் பொருத்தமாகத் தேர்ந்தெடுத்து, குறைந்த உலோகத்தில் மிகுந்த வெப்பத்தை வெளியேற்றச் செய்தல் செதில் வடிவ உகப்பாக்கம் எனப்படும். இக்கட்டுரையில் உகப்பாக்கத்தின் அடிப்படைகளும், தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் செதில்கள் பயன்படும் இடங்களும் விளக்கப்படுகின்றன. மலைச்சரிவு, பஞ்சுத் தூசி, உயரமான தோட்டங்கள், புனல் மின்நிலையம் ஆகிய நான்கும் ஒரே வட்டாரத்தில் அமைந்திருப்பதால், செதில் வடிவமைப்பின் பெரும்பாலான சிக்கல்களை இங்கே நேரில் காண இயலும்.

இயங்கும் முறை

வெப்பம் மூன்று வழிகளில் பரவுகின்றது. அவை வெப்பக் கடத்தல், வெப்பச்சலனம், வெப்பக் கதிர்வீச்சு என்பனவாகும். செதிலில் இம்மூன்றும் ஒருங்கே நிகழ்கின்றன. செதிலின் அடியிலிருந்து நுனி வரை வெப்பம் கடத்தலால் செல்கின்றது. வழிநெடுகிலும் செதிலின் இரு பக்கங்களிலிருந்தும் வெப்பச்சலனத்தாலும் கதிர்வீச்சாலும் வெளியேறுகின்றது.

வெப்பச்சலனத்தால் வெளியேறும் வெப்பம், பரப்பளவு, மேற்பரப்புக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு, வெப்பப் பெயர்வுக் கெழு ஆகிய மூன்றின் பெருக்கற்பலன் ஆகும். இவ்விதியின் மூல வடிவம் 1701இல் ஐசக் நியூட்டன் வெளியிட்ட குளிர்வு விதியிலிருந்து வருகின்றது. காற்று தானாக மேலெழும் இயற்கை வெப்பச்சலனத்தில் இக்கெழு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு ஏறத்தாழ 5 முதல் 25 வாட் வரை இருக்கும். விசிறியால் காற்று செலுத்தப்படும்போது இது 25 முதல் 250 வாட் வரை உயரக்கூடும். காற்றின் கெழு இவ்வளவு குறைவாக இருப்பதே செதில்கள் தேவைப்படுவதற்கான அடிப்படைக் காரணம். கெழுவை எளிதில் கூட்ட இயலாத இடத்தில் பரப்பளவைக் கூட்டுவதே வழி.

கதிர்வீச்சால் வெளியேறும் வெப்பம் தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. இதனை 1879இல் யோசெப் ஸ்டெஃபான் ஆய்வின் வழியாகக் கண்டறிந்தார். 1884இல் லுட்விக் போல்ட்சுமான் கோட்பாட்டு அடிப்படையில் நிறுவினார். மேற்பரப்பின் தன்மை இங்கு முதன்மையானது. மெருகேற்றிய அலுமினியத்தின் உமிழ்திறன் 0.05 அளவே. சாதாரண வண்ணப்பூச்சின் உமிழ்திறன் ஏறத்தாழ 0.9 ஆகும். அகச்சிவப்புக் கதிர்களைப் பொறுத்தவரை பூச்சின் நிறம் பெரிதும் பொருட்டன்று. வெள்ளைப் பூச்சும் கறுப்புப் பூச்சும் ஏறத்தாழ ஒரே அளவில் வெப்பத்தை உமிழ்கின்றன. ஆயினும் வெயிலில் நிற்கும் கருவிகளில் கறுப்புப் பூச்சு சூரிய ஒளியை மிகுதியாக உட்கொள்வதால் வெளிர் நிறமே நல்லது.

பயனுறுதிறன்

செதிலின் நுனி எப்போதும் அடியைவிடக் குளிர்ந்தே இருக்கும். ஆகவே நுனிப் பகுதியிலிருந்து வெளியேறும் வெப்பம் குறைவு. செதில் முழுவதும் அடியின் வெப்பநிலையிலேயே இருந்தால் வெளியேறியிருக்கக்கூடிய வெப்பத்தோடு, உண்மையில் வெளியேறும் வெப்பத்துக்கு உள்ள விகிதம் செதிலின் பயனுறுதிறன் எனப்படும்.

சீரான தடிப்புள்ள செதிலுக்குப் பயனுறுதிறனைக் கணிக்கும் முறை பின்வருமாறு:

1. வெப்பப் பெயர்வுக் கெழுவை இரண்டால் பெருக்க வேண்டும்.
2. அதனை உலோகத்தின் வெப்பக் கடத்துத்திறன், செதிலின் தடிப்பு ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும்.
3. கிடைத்த எண்ணைச் செதிலின் உயரத்தால் பெருக்க வேண்டும். இதனைச் செதில் எண் எனக் கொள்ளலாம்.
4. செதில் எண்ணின் அதிபரவளையத் தாஞ்சனைச் செதில் எண்ணால் வகுத்தால் பயனுறுதிறன் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, விசிறியுள்ள ஒரு மின்னோடியின் வார்ப்பிரும்புச் செதிலைக் கொள்ளலாம். உயரம் 25 மி.மீ., தடிப்பு 4 மி.மீ., வார்ப்பிரும்பின் கடத்துத்திறன் 50, வெப்பப் பெயர்வுக் கெழு 50 எனக் கொண்டால், செதில் எண் 0.56 ஆகும். பயனுறுதிறன் ஏறத்தாழ 91 விழுக்காடு. அதே செதிலைக் கடத்துத்திறன் 200 உள்ள அலுமினியக் கலவையில் செய்தால் பயனுறுதிறன் 97 விழுக்காடு ஆகின்றது. நான்கு மடங்கு கடத்துத்திறனுக்குக் கிடைக்கும் பயன் சிறிதளவே. குட்டையான செதில்களைக் கொண்ட மின்னோடிகளில் விலை மலிவான வார்ப்பிரும்பு இன்றும் பயன்படுவதற்கு இது ஒரு காரணம்.

அதே வார்ப்பிரும்புச் செதிலை 100 மி.மீ. உயரமாக்கினால் பயனுறுதிறன் 44 விழுக்காடாக வீழ்கின்றது. உலோகம் நான்கு மடங்காகியும், வெளியேறும் வெப்பம் இரு மடங்கைக்கூட எட்டுவதில்லை. செதிலை நீட்டிக்கொண்டே போவதால் பயனில்லை என்பதை இக்கணக்கு காட்டுகின்றது.

உகப்பாக்கத்தின் வரலாறு

திண்மப் பொருள்களில் வெப்பம் கடத்தப்படுவதற்கான கணிதக் கோட்பாட்டை யோசப் ஃபூரியே 1822இல் வெளியான தம் நூலில் வகுத்தார். செதில்களைப் பற்றிய முறையான பொறியியல் ஆய்வு, காற்றால் குளிரும் வானூர்திப் பொறிகளின் தேவையிலிருந்து எழுந்தது. 1922இல் ஹார்ப்பர், பிரவுன் ஆகிய இருவரும் அமெரிக்க வானூர்தியியல் அறிவுரைக் குழுவின் அறிக்கை ஒன்றில் காற்றால் குளிரும் பொறிகளின் செதில்களுக்கான சமன்பாடுகளை அளித்தனர்.

1926இல் செருமானியப் பொறியாளர் எர்ன்சுட்டு சிமித்து, குறைந்த உலோகத்தில் மிகுந்த வெப்பத்தை வெளியேற்றும் வடிவம் எது என்னும் வினாவை எழுப்பினார். செதிலின் ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் ஓரலகுப் பரப்பின் வழிச் செல்லும் வெப்பம் மாறாமல் இருக்க வேண்டும் என்பது அவர் முன்வைத்த கருத்து. நுனியை நோக்கிச் செல்லச் செல்ல, கடத்த வேண்டிய வெப்பம் குறைகின்றது. ஆகவே உலோகமும் அதற்கேற்பக் குறைய வேண்டும். இவ்வாறு அமைந்தால் வெப்பநிலை அடியிலிருந்து நுனி வரை நேர்கோடாகக் குறையும். இந்நிலையை நிறைவு செய்யும் வடிவம், பக்கங்கள் உட்குழிந்து நுனியில் கூராக முடியும் பரவளைவு ஆகும். சிமித்தின் முடிவை 1959இல் டஃபின் மாறல் நுண்கணித முறையில் நிறுவினார்.

வடிவங்களின் ஒப்பீடு

ஒரே அளவு வெப்பத்தை வெளியேற்றத் தேவையான உலோகத்தின் அளவு வடிவத்துக்கு வடிவம் மாறுபடுகின்றது. ஒவ்வொரு வடிவமும் அதற்கேற்ற மிகச் சிறந்த உயரத்திலும் தடிப்பிலும் அமைந்திருப்பதாகக் கொண்டால் ஒப்பீடு பின்வருமாறு அமையும்:

- செவ்வக வடிவம்: செதில் எண் 1.42, பயனுறுதிறன் 63 விழுக்காடு, உலோகம் 100 பங்கு.
- முக்கோண வடிவம்: செதில் எண் 1.31, பயனுறுதிறன் 59 விழுக்காடு, உலோகம் 69 பங்கு.
- உட்குழிந்த பரவளைவு வடிவம்: செதில் எண் 1.41, பயனுறுதிறன் 50 விழுக்காடு, உலோகம் 66 பங்கு.

இவ்வொப்பீட்டில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, உலோகச் சிக்கனத்தில் முதலிடம் பெறும் பரவளைவு வடிவமே மிகக் குறைந்த பயனுறுதிறன் உடையது. எனவே உயர்ந்த பயனுறுதிறன் என்பது நல்ல வடிவமைப்புக்குத் தானாகவே சான்றாகி விடாது. இரண்டாவது, செவ்வகத்திலிருந்து முக்கோணத்துக்கு மாறினால் 31 விழுக்காடு உலோகம் மிச்சமாகின்றது. முக்கோணத்திலிருந்து பரவளைவுக்கு மாறினால் மேலும் 4 விழுக்காடு அளவே மிச்சமாகின்றது. பரவளைவின் நுனி கத்தி முனைபோல் மெலிந்திருக்கும். அதனை வார்ப்பது கடினம்; எளிதில் வளைந்து உடையும்; கையையும் கிழிக்கும். இதனால் நடைமுறையில் முக்கோணத்துக்கு நெருக்கமான, நுனி சற்றே மழுங்கிய சரிவக வடிவமே பெரும்பாலும் பயன்படுகின்றது. வார்ப்பு அச்சிலிருந்து செதிலைச் சேதமின்றி வெளியே எடுப்பதற்கும் பக்கங்களில் சிறு சரிவு தேவைப்படுகின்றது. வார்ப்புத் தொழிலின் தேவையும் வெப்பவியலின் தேவையும் இங்கு ஒன்றுபடுகின்றன.

செதில்களுக்கு இடையிலான வெளி

ஒற்றைச் செதிலின் வடிவத்தைவிட, செதில்களை எவ்வளவு நெருக்கமாக அமைப்பது என்பதே பல வேளைகளில் பெரிய வினாவாகின்றது. நெருக்கமாக அமைத்தால் பரப்பளவு கூடும். ஆனால் செதில்களின் பக்கங்களை ஒட்டி உருவாகும் மெதுவான காற்றுப் படலங்கள் ஒன்றோடொன்று கலந்து, காற்றோட்டம் தடைப்படும். அகலமாக அமைத்தால் காற்று தாராளமாகச் செல்லும். ஆனால் செதில்களின் எண்ணிக்கை குறையும். இரண்டுக்கும் நடுவே ஓர் உகந்த இடைவெளி உள்ளது.

செங்குத்தான இணைத் தட்டுகளுக்கு இடையே நிகழும் இயற்கை வெப்பச்சலனத்தை எலன்பாசு 1942இல் ஆராய்ந்தார். 1984இல் பார்-கோஹன், ரோசனோ ஆகியோர் உகந்த இடைவெளிக்கான வாய்பாடுகளை வெளியிட்டனர். அவற்றின்படி, காற்றைவிட 30 பாகை செல்சியசு கூடுதல் சூடுடைய, 20 செ.மீ. நெடிய செங்குத்துச் செதில்களுக்கு உகந்த இடைவெளி ஏறத்தாழ 8 மி.மீ. ஆகும். நெடுமை 1 மீட்டர் ஆனால் இடைவெளி ஏறத்தாழ 13 மி.மீ. ஆக வேண்டும். விசிறியுள்ள கருவிகளில் காற்று வேகமாகச் செல்வதால், இதைவிட நெருக்கமான இடைவெளிகள் போதுமானவை.

வெப்பச்சலனமும் கதிர்வீச்சும் சேரும்போது

விசிறியுள்ள கருவிகளில் கதிர்வீச்சின் பங்கு சிறிது. விசிறியற்ற கருவிகளில் அதனைப் புறக்கணிக்க இயலாது. 60 பாகை செல்சியசு வெப்பநிலையுள்ள, வண்ணம் பூசிய ஒரு சமதளப் பரப்பு 35 பாகைச் சூழலில் இருப்பின், கதிர்வீச்சால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 168 வாட் வெளியேறும். வெப்பப் பெயர்வுக் கெழு 5 எனக் கொண்டால், இயற்கை வெப்பச்சலனத்தால் வெளியேறுவது 125 வாட் மட்டுமே.

ஆனால் செதில்களைச் சேர்த்தவுடன் கணக்கு மாறுகின்றது. ஒரு செதிலிலிருந்து புறப்படும் கதிர்களில் பெரும்பகுதி எதிரே உள்ள செதிலின் மீதே விழுகின்றது. எதிர்ச் செதிலும் ஏறத்தாழ அதே சூட்டில் இருப்பதால் நிகர இழப்பு மிகக் குறைவு. நெருக்கமான செதில் தொகுதியைச் சுற்றி ஒரு துணியைப் போர்த்தினால் அத்துணியின் பரப்பளவு எவ்வளவோ, ஏறத்தாழ அந்த அளவுப் பரப்பே கதிர்வீச்சுக்குப் பயன்படும். எனவே செதில்கள் வெப்பச்சலனத்தைப் பன்மடங்காக்கும் அளவுக்குக் கதிர்வீச்சைக் கூட்டுவதில்லை.

இவ்விரண்டையும் தனித்தனியே கணித்துக் கூட்டினால் போதுமா என்னும் வினாவைச் சென்னையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ராம்மோகன் ராவ், வெங்கடேசன் ஆகியோர் ஆராய்ந்தனர். கிடையான செதில் தொகுதிகளில் இயற்கை வெப்பச்சலனத்தையும் கதிர்வீச்சையும் ஒளியியல் குறுக்கீட்டுமானியின் துணைகொண்டு அளந்த அவர்களது ஆய்வு 1996இல் வெளியானது. கதிர்வீச்சு செதிலின் வெப்பநிலைப் பரவலை மாற்றுகின்றது. அம்மாற்றம் வெப்பச்சலனத்தைப் பாதிக்கின்றது. ஆகவே வெறும் கூட்டல் முறை நிறைவானதன்று என்பது அவ்வாய்வின் முடிவு.

காற்றில்லாத விண்வெளியில் கதிர்வீச்சு மட்டுமே வழி. அங்கு நுனி குளிர்வதன் விளைவு கடுமையானது. தனி வெப்பநிலை 10 விழுக்காடு குறைந்தால் உமிழப்படும் வெப்பம் 34 விழுக்காடு குறைந்துவிடும். வாயேசர் விண்கலங்களின் அணுக்கரு மின்னாக்கிகளைச் சுற்றியுள்ள செதில்கள் இவ்வகையின.

தேனி வட்டாரத்தில் பயன்பாடுகள்

தேனி மாவட்டம் 1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மேற்கே ஏலமலைத் தொடருக்கும் கிழக்கே வருசநாடு-மேகமலைத் தொடருக்கும் இடையே அமைந்த கம்பம் பள்ளத்தாக்கில் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்கள் உள்ளன.

மின்மாற்றிகள்

முல்லைப் பெரியாற்று அணையின் நீரைக் கொண்டு இயங்கும் பெரியாறு மின்நிலையம் கூடலூருக்கு அருகே லோயர் கேம்ப்பில் அமைந்துள்ளது. தொடக்கத்தில் தலா 35 மெகாவாட் திறனுடைய நான்கு மின்னாக்கிகள் இங்கு நிறுவப்பட்டன. இத்தகைய நிலையங்களிலும், ஊர்தோறும் உள்ள துணைமின்நிலையங்களிலும், வயல்களின் ஓரத்தில் கம்பங்களின் மீது நிற்கும் பகிர்மான மின்மாற்றிகளிலும் குளிர்விப்புப் பரப்புகளைக் காணலாம்.

எண்ணெய் நிரப்பிய மின்மாற்றியின் பக்கங்களில் உள்ள தகட்டு அடுக்குகள் திண்மச் செதில்கள் அல்ல; உள்ளே எண்ணெய் ஓடும் பொள்ளலான தகடுகள் ஆகும். சூடான எண்ணெய் மேலெழுந்து, மேற்குழாய் வழியாகத் தகடுகளுக்குள் நுழைந்து, குளிர்ந்து கீழிறங்கி, மீண்டும் தொட்டியின் அடியை அடைகின்றது. இதற்கு எக்கி தேவையில்லை. எண்ணெயே வெப்பத்தைச் சுமந்து செல்வதால், திண்மச் செதிலின் நுனி குளிர்ந்துபோகும் குறை இதில் பெரிதும் நீங்குகின்றது. பெரிய மின்மாற்றிகளில் தகடுகளின் மீது விசிறிகளும் பொருத்தப்படுகின்றன.

இங்கு வெப்பநிலையின் அளவு மின்மாற்றியின் ஆயுளோடு நேரடித் தொடர்புடையது. சுருள்களைச் சுற்றியுள்ள காப்புத் தாளின் வெப்பநிலை ஒரு குறிப்பிட்ட அளவு கூடும்போதெல்லாம் அதன் ஆயுள் பாதியாகின்றது. 1930இல் மான்சிங்கர் இதனை எடுத்துரைத்தார். இவ்வளவு பொருளுக்கேற்ப 6 முதல் 10 பாகை செல்சியசு வரை கொள்ளப்படுகின்றது. கோடையில் பாசனத்துக்காக எல்லா மின்னோடிகளும் ஒரே நேரத்தில் ஓடும்போது சுமையும் சூழல் வெப்பமும் சேர்ந்தே உயர்கின்றன. அந்நேரத்தில் மின்மாற்றி பழுதானால், நெல், வாழை, திராட்சை ஆகிய பயிர்களுக்கு நீர் பாய்வது தடைப்படும்.

கிணற்று மின்னோடிகள்

திறந்த கிணறுகளின் மேட்டில் அமைக்கப்படும் மோனோபிளாக் எக்கிகளின் மின்னோடிகளில், உடற்கூட்டின் நீளவாக்கில் செதில்கள் உள்ளன. பின்புற மூடிக்குள் உள்ள விசிறி இச்செதில்களின் இடையே காற்றைச் செலுத்துகின்றது. ஆழ்துளைக் கிணற்றில் இறக்கப்படும் நீர்மூழ்கி மின்னோடிகளில் செதில்கள் இல்லை. நீரின் வெப்பப் பெயர்வுக் கெழு காற்றினதைவிடப் பன்மடங்கு உயர்ந்தது என்பதால் வழவழப்பான உருளையே போதுமானது. நீர்மட்டம் மின்னோடிக்குக் கீழே இறங்கிவிட்டால் இந்தப் பாதுகாப்பு இல்லாமற் போகும்.

நூற்பாலைகள்

தேனி, ஆண்டிபட்டி வட்டாரங்களில் நூற்பாலைகள் இயங்குகின்றன. இவற்றில் காற்றில் மிதக்கும் பஞ்சு இழைகள் மின்னோடிகளின் செதில்களுக்கு இடையே படிகின்றன. பஞ்சின் கடத்துத்திறன் ஏறத்தாழ 0.04 மட்டுமே. 2 மி.மீ. தடிப்புள்ள படிவு வெப்பத்துக்கு அளிக்கும் தடை, விசிறிக் காற்றின் படலம் அளிக்கும் தடையைப்போல் இரண்டரை மடங்கு ஆகும். படிவு இடைவெளியை முற்றிலும் அடைத்துவிட்டால் செதில்கள் இருந்தும் இல்லாதவையே. காப்பு எரிவதோடு, பஞ்சு தீப்பற்றும் இடரும் உண்டு.

எனவே தூய காற்றுக்கு உகந்த இடைவெளி பஞ்சாலைக்கு உகந்ததாகாது. இங்கு செதில்கள் குறைவாகவும் அகன்றும் இருப்பதே நல்லது. தறிகளுக்கான சில மின்னோடிகள் செதிலே இல்லாத வழவழப்பான மேற்பரப்புடன் செய்யப்படுகின்றன. வெப்பவியல் கணக்கில் பின்தங்கியதாகத் தோன்றும் இவ்வடிவம், ஆண்டு முழுவதும் ஓடும் ஆலையில் முந்துகின்றது.

மலைச்சாலைகளும் வண்டிப் பொறிகளும்

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கும், போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கும் மலைச்சாலைகள் செல்கின்றன. காற்றால் குளிரும் பொறியுடைய இருசக்கர வண்டிகளுக்கு ஏற்றம் ஒரு கடுஞ்சோதனை ஆகும். சமவெளியில் வேகமாகச் செல்லும்போது பொறியின் செதில்களுக்கு நல்ல காற்றோட்டம் கிடைக்கின்றது. ஏற்றத்தில் பொறி மிகுந்த ஆற்றலை அளிக்க வேண்டும், வேகமோ குறைவு. வேகம் பாதியானால் வெப்பப் பெயர்வுக் கெழு ஏறத்தாழ 35 முதல் 40 விழுக்காடு வரை குறைகின்றது. அதாவது வெப்பம் மிகும் நேரத்தில் குளிர்விப்புக் குறைகின்றது. ஆகவே இத்தகைய பொறிகளின் செதில்கள் சமவெளி வேகத்துக்கு மட்டுமின்றி, மெதுவான ஏற்றத்துக்கும் போதுமானவையாக அமைய வேண்டும்.

1955 முதல் சென்னையில் உருவாக்கப்பட்ட என்பீல்டு புல்லட்டும், 1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 வண்டியும் செதில்களால் குளிரும் பொறிகளுக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். பின்புறம் பொறியுள்ள ஆட்டோ ரிக்சாக்களில் எதிர்க்காற்று பொறிக்குச் சரிவரக் கிட்டாது என்பதால், விசிறி ஒன்று காற்றைச் செதில்களின் மீது செலுத்துகின்றது. செதில்களில் அப்பிய சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் பஞ்சுப் படிவு போன்றே தீங்கு விளைவிப்பவை.

உயரமான தோட்டங்கள்

மேகமலையின் தேயிலைத் தோட்டங்கள் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளன. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு குறைவு. இதனால் விசிறிக் காற்றின் குளிர்விப்பு ஏறத்தாழ 11 விழுக்காடும், இயற்கை வெப்பச்சலனம் ஏறத்தாழ 7 விழுக்காடும் குறைகின்றன. கதிர்வீச்சுக்குக் காற்று தேவையில்லாததால் அது மாறுவதில்லை. அனைத்துலகத் தரத்தின்படி மின்னோடிகளின் திறன் 1,000 மீட்டர் உயரம் வரைக்கும், 40 பாகை செல்சியசு சூழல் வெப்பநிலை வரைக்குமே குறிக்கப்படுகின்றது. அதற்கு மேல் சுமையைக் குறைக்க வேண்டும். ஆயினும் மலையில் காற்று குளிர்ந்திருப்பது இவ்விழப்பைப் பெருமளவு ஈடுசெய்கின்றது. உயரத்தால் குளிர்விப்பில் ஏற்படும் இழப்பையும் குளிரால் கிடைக்கும் ஆதாயத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

காற்றாலைகள்

தமிழ்நாட்டில் காற்றாலைகளுக்கு ஏற்ற கணவாய்களாக ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் ஆகியவை கூறப்படுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தேனி, ஆண்டிபட்டி வட்டாரங்களின் காற்றாலைகள் மிகுந்த மின்சாரத்தை ஆக்குகின்றன. இவற்றின் பல்லிணைப் பெட்டி எண்ணெய், மின்னாக்கி, மின்னணு மாற்றிகள் ஆகியவற்றின் வெப்பத்தை வெளியேற்றச் செதில் பொருத்திய வெப்பமாற்றிகள் பயன்படுகின்றன. காற்று மிகும்போது மின்னாக்கமும் வெப்பமும் மிகுகின்றன. குளிர்விக்கும் காற்றும் உடன் மிகுகின்றது. மலையேறும் வண்டியின் நிலைக்கு இது நேர்மாறானது.

எதிர்த்திசைப் பயன்பாடு: ஏலக்காய் உலர்த்துதல்

செதிலின் கணக்குகள் குளிர்விப்பதற்கு மட்டும் உரியவை அல்ல, சூடேற்றுவதற்கும் பொருந்தும். போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர் பெற்ற ஊர். ஏலமலைத் தோட்டங்களில் பறித்த ஏலக்காயை உலர்த்தும் கூடங்களில், அடுப்பின் புகை இரும்புக் குழாய்களின் வழியாகச் சென்று அறையைச் சூடேற்றும் முறை நெடுங்காலமாக உள்ளது. அறையின் வெப்பநிலை பொதுவாக 45 முதல் 55 பாகை செல்சியசு வரை வைக்கப்படுகின்றது.

குழாயின் மேற்பரப்பு 200 பாகையிலும் அறை 50 பாகையிலும் இருப்பதாகக் கொண்டால், ஒரு சதுர மீட்டர் துருப்பிடித்த குழாயிலிருந்து கதிர்வீச்சால் ஏறத்தாழ 1,800 வாட்டும், வெப்பச்சலனத்தால் ஏறத்தாழ 1,200 வாட்டும் வெளிப்படும். வெப்பச்சலனம் அறையின் காற்றைச் சூடாக்கி எல்லாத் தட்டுகளுக்கும் கொண்டு செல்கின்றது. கதிர்வீச்சோ குழாய்க்கு நேரெதிரே உள்ள தட்டுகளை மட்டும் தாக்குகின்றது. அத்தட்டுகளில் உள்ள காய் மிகைச் சூட்டால் பச்சை நிறத்தை இழந்தால் விலை குறையும். குழாயின் மீது செதில்களைப் பொருத்தினால், அதே வெப்பத்தைக் குறைந்த மேற்பரப்பு வெப்பநிலையில் வெளியிட இயலும். இதனால் கதிர்வீச்சின் பங்கு குறைந்து வெப்பச்சலனத்தின் பங்கு கூடும். எரியும் விறகின் அளவு குறையாவிடினும், வெப்பம் சீராகப் பரவும்.

இயற்கையில் செதில்கள்

யானையின் அகன்ற காதுகள் குளிர்விப்புச் செதில்களைப் போலவே செயற்படுகின்றன. மெல்லிய காதுமடலின் குருதிக் குழாய்களில் ஓடும் குருதி, வெப்பச்சலனத்தாலும் கதிர்வீச்சாலும் வெப்பத்தை இழந்து உடலுக்குத் திரும்புகின்றது. காதை ஆட்டுவது விசிறியின் வேலையைச் செய்கின்றது. எண்ணெய் ஓடும் மின்மாற்றித் தகட்டுக்கும் குருதி ஓடும் காதுமடலுக்கும் அடிப்படை ஒன்றே. மேகமலைக் காடுகளிலும், அணையை அடுத்த பெரியாற்றுக் காடுகளிலும் யானைகள் வாழ்கின்றன.

அண்மைக்கால முறைகள்

1980களின் இறுதியிலிருந்து வளர்ந்த இடவியல் உகப்பாக்கம் என்னும் கணினி முறையில், வடிவத்தை முன்கூட்டியே செவ்வகம், முக்கோணம் என வரையறுப்பதில்லை. எங்கு உலோகம் வேண்டும், எங்கு வேண்டாம் என்பதைக் கணிப்பே முடிவு செய்கின்றது. இவ்வாறு கிடைக்கும் வடிவங்கள் பெரும்பாலும் மரக்கிளைகளை ஒத்திருக்கின்றன. வார்ப்பில் செய்யக் கடினமான இவற்றை முப்பரிமாண அச்சு முறையில் உருவாக்க இயலும். செலவு மிகுதி என்பதால் விண்கலம், உயர்திறன் மின்னணுக் கருவிகள் போன்றவற்றிலேயே இவை முதலில் இடம்பெறுகின்றன. கிணற்று மேட்டு மின்னோடிக்கு வார்ப்பிரும்புச் சரிவகச் செதிலும், அதன் இடுக்குகளைத் தூய்மையாக வைத்திருப்பதும் இன்றும் போதுமானவை.

இவற்றையும் பார்க்க

- வெப்பச்சலனம்
- வெப்பக் கதிர்வீச்சு
- வெப்பமாற்றி
- மின்மாற்றி
- மின்னோடி
- கம்பம் பள்ளத்தாக்கு
- முல்லைப் பெரியாறு அணை